தேர்வு கேட்காததை வகுப்பு கற்பிக்குமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் 90 மதிப்பெண் எடுத்த பிள்ளைகூட நாலு வாக்கியம் பேசத் தயங்குகிறதே, குறை ஆசிரியரிடமா, தேர்விலா?
– வாசகர் ஒருவர், குஜிலியம்பாறை

பதில்: முதல் காரணம் தேர்வுதான். எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே உரியது. பேச்சுக்கும் கேட்டலுக்கும் அதில் இடமில்லை. பள்ளியின் பெயர் தேர்ச்சி விழுக்காட்டில் தொங்குவதால் கைடும் பழைய வினாத்தாளுமே பாடமாகிவிடுகின்றன. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு இருக்கும் ஒரே வழி வகுப்பறை, அதுவும் அடைபடுகிறது. 2019இல் இரண்டு தாள்களை ஒன்றாக்க அரசு எடுத்த முடிவு சுமையைத்தான் குறைத்தது, தேர்வின் இயல்பை மாற்றவில்லை.

தேர்வு இல்லாவிட்டால் யார் படிப்பார்கள், ஏழைப் பிள்ளைக்கு நடுநிலையான அளவுகோல் அதுதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேர்வை ஒழிக்க வேண்டாம், விரிவாக்க வேண்டும். பேச்சை மதிப்பிடுவது கடினம் என்பதும் தடையாகாது. அறிவியலுக்கு 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வை இதே பள்ளிகள்தானே நடத்துகின்றன? ஆனால் தேர்வை மாற்றினால் மட்டும் போதாது. இலங்கையில் சாதாரண தர (ஓ-லெவல்) ஆங்கிலத் தேர்வு 1988இல் புதுப்பிக்கப்பட்டது. அதன் விளைவை வகுப்பறைக் கவனிப்பு வழியே ஆராய்ந்த மொழித் தேர்வு ஆய்வாளர்கள் டயான் வால், சார்லஸ் ஆல்டர்சன் ஆகியோர் 1993இல் வெளியிட்ட முடிவு இது: கற்பிக்கும் பொருள் மாறியது, கற்பிக்கும் முறை மாறவில்லை. எனவே பேச்சுக்கு மதிப்பெண்ணும் ஆசிரியருக்குப் பயிற்சியும் சேர்ந்தே வர வேண்டும். அதுவரை, உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் தினமும் பத்து நிமிட ஆங்கில உரையாடலைக் கேட்டு வாங்குங்கள்.