தினமும் எது? திணறும்போது எது?

ஆஸ்துமா உள்ள பள்ளிக் குழந்தைகளுக்கான மருந்துகள்

ஆஸ்துமாவை 'இழுப்பு' என்பார்கள். 'இளைப்பு' என்றும் 'வீசிங்' என்றும் சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான்.

இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. யாருடைய பாவமும் அல்ல. இது மூச்சுக்குழாயில் வரும் நோய்.

பெங்களூரில் டாக்டர் பரமேஷ் என்ற குழந்தை மருத்துவர் ஒரு கணக்கு எடுத்தார். மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளைப் பார்த்து எடுத்த கணக்கு அது. 1979-இல் 100 குழந்தைகளில் 9 பேருக்கு ஆஸ்துமா இருந்தது. 1999-இல் அது 29 பேருக்கும் மேலே போய்விட்டது. ஊர் பெருகியது. வண்டிப் புகை பெருகியது. தூசி பெருகியது. நோயும் பெருகியது.

நம் நாட்டில் இந்த நோயால் இன்றும் பலர் இறக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் ஆஸ்துமாவால் இறந்தவர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் இந்தியர்கள். ஆனால் இதற்கு நல்ல மருந்து உண்டு. அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிய வேண்டும்.

மார்புக்குள் என்ன நடக்கிறது?

மூச்சுக்குழாய்கள் மரக்கிளை போலப் பிரிந்து நுரையீரலுக்குள் போகின்றன. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இந்தக் குழாயின் உள்பக்கம் வீங்கி இருக்கும். அப்போது தூசியோ புகையோ குளிர்காற்றோ பட்டால் போதும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். சளி சுரக்கும். வழி குறுகும். 'விஸ்' என்று சத்தம் வரும்.

ஒன்றைக் கவனியுங்கள். சத்தம் நின்றாலும் வீக்கம் உடனே போய்விடாது. குழந்தை ஓடி விளையாடும். நோய் தீர்ந்துவிட்டது என்று நாம் நினைப்போம். ஆனால் உள்ளே வீக்கம் இருக்கும்.

இரண்டு வகை மருந்துகள்

முதல் வகை, திணறலைத் தணிக்கும் மருந்து. சால்பியூட்டமால் இந்த வகை. இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு வரும். சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். ஆனால் வீக்கத்தைக் குறைக்காது.

இரண்டாம் வகை, தடுப்பு மருந்து. இது வீக்கத்தைக் குறைக்கும். தினமும் எடுக்க வேண்டும். இழுப்பு இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

வீட்டுக்கூரை ஒழுகுகிறது. தண்ணீரைப் பாத்திரத்தில் பிடிக்கிறோம். அது தணிக்கும் மருந்து போன்றது. வெயில் நாளில் ஏறி ஓட்டை மாற்றுகிறோம். அது தடுப்பு மருந்து போன்றது.

செல்வியின் கேள்விகள்

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் செல்வி இருக்கிறார். வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுகிறார். மகன் முருகனுக்கு 8 வயது. மூன்றாம் வகுப்பு படிக்கிறான். டாக்டர் இரண்டு பம்ப் கொடுத்தார். ஒன்று தினமும் இழுக்க. ஒன்று திணறும்போது இழுக்க.

இரண்டு வாரத்தில் முருகன் தேறினான். "பையன் நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மருந்து?" என்றார் அவன் அப்பா. தினசரி பம்ப் பரண்மேல் போனது. டிசம்பர் குளிர் வந்தது. ஒரு நாள் இரவு முருகனால் பேசக்கூட முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று நாள் அங்கேயே இருந்தார்கள்.

அங்கே செல்வி நர்சிடம் மனம் விட்டுக் கேட்டார்.

"சிஸ்டர், பம்ப் பழகிட்டா அப்புறம் விடவே முடியாதாமே?"

"இல்லம்மா. அது போதை கிடையாது. பையன் மூணு மாசம் தொல்லை இல்லாம இருந்தா, டாக்டரே பார்த்து அளவைக் குறைப்பார். நீங்களா நிறுத்தக் கூடாது."

"அதுல ஸ்டீராய்டு இருக்காமே? பயமா இருக்கு, சிஸ்டர்."

"இருக்கு. ஆனா எவ்வளவுன்னு பாருங்க. பம்புல தினமும் போறது 200 மைக்ரோகிராம். இந்த மூணு நாளா மாத்திரையா கொடுத்த ஸ்டீராய்டு தினமும் 20 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம்னா ஆயிரம் மைக்ரோகிராம். கணக்குப் போடுங்க."

செல்வி விரல் விட்டு எண்ணினார். "அப்படின்னா நூறு மடங்கு!"

"ஆமாம்மா. மாத்திரை உடம்பு முழுக்கப் போகும். பம்ப் மருந்து நேரா மூச்சுக்குழாய்க்குப் போகும். அதனாலதான் கொஞ்சம் போதும். அந்தக் கொஞ்சத்தைத் தினமும் கொடுத்தா, இப்படிப் பெரிய அளவு கொடுக்க வேண்டி வராது."

தடுப்பு மருந்துகளில் எது நல்லது?

தடுப்பு மருந்துகள் பல உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இழுக்கும் ஸ்டீராய்டு

பியூடெசொனைடு, புளூட்டிகாசோன், பெக்லோமெத்தாசோன் ஆகியவை இந்த வகை. பள்ளிக் குழந்தைகளுக்கு முதலில் தர வேண்டிய தடுப்பு மருந்து இதுதான். வீக்கத்தை நன்றாகக் குறைக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைக் குறைக்கும்.

குறை என்ன? வாயில் வெள்ளைப் படலம் வரலாம். குரல் கம்மலாம். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் இது பெரும்பாலும் வராது.

உயரம் குறையுமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் சில ஆண்டுகள் பியூடெசொனைடு எடுத்த குழந்தைகளை, பெரியவர்கள் ஆன பின் அளந்தார்கள். முடிவு 2012-இல் வந்தது. மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவு. ஒரு விரல் அகலம் கூட இல்லை. அடங்காத ஆஸ்துமாவும் குழந்தையின் வளர்ச்சியைக் கெடுக்கும்.

2. மாண்டெலுகாஸ்ட் மாத்திரை

6 முதல் 14 வயது வரை 5 மில்லிகிராம் மாத்திரை. இரவில் ஒன்று. சப்பிச் சாப்பிடலாம். கொடுப்பது எளிது. அதனால் பலர் இதை விரும்புகிறார்கள்.

ஆனால் பலன் குறைவு. 2007-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு முடிவு வந்தது. 6 முதல் 14 வயது வரை உள்ள 285 குழந்தைகள் அதில் இருந்தார்கள். இழுக்கும் ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்கள் 100 நாளில் 64 நாள் தொல்லை இல்லாமல் இருந்தார்கள். மாண்டெலுகாஸ்ட் மட்டும் எடுத்தவர்கள் சுமார் 52 நாள் அப்படி இருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. சில குழந்தைகளுக்கு இந்த மாத்திரையால் கெட்ட கனவு, கோபம், மனச்சோர்வு வரும். 2020-இல் அமெரிக்க அரசு இதற்குக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. குழந்தையின் குணம் மாறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

3. கூட்டு மருந்து

இழுக்கும் ஸ்டீராய்டு மட்டும் போதாவிட்டால், அதோடு பார்மோட்டிரால் அல்லது சால்மீட்டிரால் சேர்ந்த பம்ப் தருவார்கள். இவை தசையை நெடுநேரம் தளர்த்தி வைக்கும். ஸ்டீராய்டு இல்லாமல் இவற்றைத் தனியாக எடுக்கக் கூடாது. பார்மோட்டிரால் சேர்ந்த பம்பைச் சில குழந்தைகளுக்குத் திணறும்போதும் இழுக்கச் சொல்வார்கள். டாக்டர் அப்படி எழுதித் தந்தால் மட்டுமே செய்யுங்கள்.

4. தியோபிலின் மாத்திரை

பழைய மருந்து. விலை குறைவு. ஆனால் அளவு சற்றுக் கூடினாலும் வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். பலனும் குறைவு. இப்போது குழந்தைகளுக்கு அதிகம் கொடுப்பதில்லை.

சால்பியூட்டமால் சிரப் தடுப்பு மருந்து அல்ல. அது மெதுவாக வேலை செய்யும். கை நடுக்கம் தரும். அதைத் தினமும் கொடுத்துவிட்டு, தடுப்பு மருந்து கொடுத்ததாக நினைக்காதீர்கள்.

பியூடெசொனைடு, மாண்டெலுகாஸ்ட், சால்பியூட்டமால் மூன்றும் 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலும் குறைந்த விலைக்கு விசாரியுங்கள்.

இழுக்கும் முறை

பம்ப் மருந்தைக் குழந்தை நேராக வாயில் அடித்தால் பெரும்பகுதி தொண்டையில் படிந்துவிடும். அதனால் ஸ்பேசர் என்ற குப்பியை மாட்டி இழுக்க வேண்டும். ஸ்பேசர் வாங்க முடியாதா? அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப் பொருந்தும் அளவுக்குத் துளை போட்டும் செய்யலாம். செய்ததை டாக்டரிடம் காட்டிச் சரிபாருங்கள். அடுத்த முறை போகும்போது குழந்தையை டாக்டர் முன்னால் இழுத்துக்காட்டச் சொல்லுங்கள்.

எழுத்து உங்கள் கையில்

பம்பின் நிறத்தை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். பெட்டிமேல் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். நர்சிடம் கேட்டு, இரண்டு துண்டுக் காகிதத்தில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஒன்றில் 'தினமும்'. இன்னொன்றில் 'திணறும்போது'. பம்ப் மேல் ஒட்டுங்கள். இப்போது வீட்டில் யாரும் மாற்றிக் கொடுக்க மாட்டார்கள்.

நாட்காட்டியில் தினமும் ஒரு கோடு போடுங்கள். மருந்து தவறிய நாள் தெரியும். திணறும்போது இழுக்கும் பம்ப் தேவைப்பட்ட நாளில் வட்டம் போடுங்கள். வாரத்தில் இரண்டு வட்டத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பாருங்கள்.

மருந்தோடு சேர்த்து வீட்டையும் கவனியுங்கள். ஊதுபத்தி மாவு, கரித்தூள் குழந்தை படுக்கும் இடத்தில் வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள். கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம்.

உடனே ஆஸ்பத்திரி

குழந்தையால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லையா? மூச்சு இழுக்கும்போது விலா எலும்பின் இடை குழிகிறதா? உதடு நீலமாகிறதா? சால்பியூட்டமாலை ஸ்பேசர் வைத்துக் கொடுங்கள். 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பயிற்சி

1. சரியா, தவறா?
அ. இழுப்பு நின்றதும் தடுப்பு மருந்தை நிறுத்தலாம்.
ஆ. சால்பியூட்டமால் வீக்கத்தைக் குறைக்கும்.
இ. ஸ்டீராய்டு பம்ப் இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

2. கணக்குப் போடுங்கள்: தினமும் 200 மைக்ரோகிராம் இழுத்தால், 100 நாளில் எத்தனை மில்லிகிராம்?

3. எழுதுங்கள்: தினமும், திணறும்போது, தடுப்பு மருந்து, வீக்கம்.

4. கலந்து பேசுங்கள்: உங்கள் தெருவில் ஆஸ்துமா உள்ள குழந்தைகள் யார்? அவர்கள் வீட்டில் இரண்டு பம்பும் இருக்கின்றனவா? 'தினமும்' எது என்று அவர்களுக்குத் தெரியுமா?