கால் எட்டும் வண்டி

மோட்டார் சைக்கிள் செய்யும் ஊர் எங்களுடையது. டிவிஎஸ் தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது. 2013-ல் பிஎம்டபிள்யூவோடு ஒப்பந்தம் போட்ட பிறகு ஜி 310 ஆர், ஜி 310 ஜிஎஸ் இரண்டும் அங்கேதான் உருவாயின. ஆனாலும் 5 அடி 2 அங்குல உயரமுள்ள நான், கெலவரப்பள்ளியிலிருந்து சிப்காட் வேலைக்கும் லீவு நாளில் அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் போகவும் ஒரு வண்டி தேடியபோது, ஷோரூம்காரர் முதலில் காட்டியது ஸ்கூட்டரைத்தான். "ஓட ஆரம்பிச்சுட்டா கால் எதுக்குக்கா?" என்று இன்னொருவர் பெரிய வண்டியை நீட்டினார். இரண்டு பேச்சையும் கேட்காதீர்கள். கால் வேண்டியது வண்டி நிற்கும்போது. பெரும்பாலும் வண்டி சாய்வதும் அப்போதுதான்.

முதலில் கால் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடிப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை டேப் வையுங்கள். எனக்கு 72 செ.மீ. உயரம் ஒன்றாக இருந்தும் கால் நீளம் மாறுபடுகிறவர்கள் உண்டு.

பிறகு சீட் உயரம். மீட்டியார் 350-க்கு 765 மி.மீ., டிவிஎஸ் ரோனினுக்கு 795, ஹிமாலயன் 450-க்கு 825, ஜி 310 ஜிஎஸ், சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் இரண்டுக்கும் 835. இந்த எண் சீட்டிலிருந்து தரைவரை நேர்க்கோட்டில் எடுத்த அளவு. நம் கால் சீட்டின் பக்கவாட்டில் வளைந்து இறங்குகிறது. அதனால் முன்பக்கம் ஒடுங்கிய 800 மி.மீ. சீட்டில் எட்டுகிற கால், அகலமான 780-ல் எட்டாமல் போகலாம். ஏறி உட்கார்ந்து பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. உட்காரும்போது ஓட்டப்போகிற அதே பூட்ஸைப் போட்டிருங்கள். கெட்டியான சோல் 2 செ.மீ.க்கு மேல் உதவும்.

இரண்டு பாதமும் முழுசாகப் பதியவேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. இடுப்பைச் சற்று ஒரு பக்கம் நகர்த்தி ஒரு பாதத்தை நன்றாக ஊன்றி, மறு காலை பிரேக் பெடலில் வைத்து நிற்கப் பழகினால் போதும். ஆனால் நம் சாலைகள் இடது ஓரம் சரிந்தவை. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரிக்கு ஒதுங்கி ஓரத்தில் நிறுத்தினால், இடது கால் தேடும் தரை இன்னும் கீழே போயிருக்கும். அங்கே முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கம், அதாவது வலது காலை ஊன்றுங்கள். கெலவரப்பள்ளி அணைத் தண்ணீர் திறந்து தென்பெண்ணையில் நுரை பொங்கித் தரைப்பாலத்தை மூடியிருந்தால் அதில் இறங்கவே வேண்டாம். சாலை விளிம்பும் தெரியாது, கால் வைக்கும் இடமும் தெரியாது.

எடையைப் பற்றி ஷோரூமில் யாரும் பேசுவதில்லை. எனக்கு முடிவைத் தந்தது அதுதான். மீட்டியார் 191 கிலோ, ஹிமாலயன் 450 196 கிலோ, ரோனின் ஏறக்குறைய 160. தேன்கனிக்கோட்டையைத் தாண்டினால் யானை நடமாடும் காடு. தூரத்தில் ஒன்று தெரிந்தால் அந்த ஒடுங்கிய சாலையில் உடனே வண்டியைத் திருப்பியாக வேண்டும், சில சமயம் காலால் பின்னுக்குத் தள்ளி. எனக்கு அங்கே 30 கிலோ குறைவு பெரிய விஷயம். நான் ரோனின் எடுத்தேன். சென்னைக்கு நெடுஞ்சாலையிலேயே அதிகம் போகிறவர் என்றால் மீட்டியாரைத்தான் சொல்வேன். எடை கீழே இருப்பதால் பாரம் அவ்வளவாகத் தெரியாது.

பிடித்த வண்டி உயரமாக இருந்தால் சீட்டிலிருந்து தொடங்குங்கள். ஹிமாலயன் 450-க்கு நிறுவனமே தரும் தாழ்ந்த சீட்டைப் போட்டால் 805 மி.மீ. வரை இறங்கும். பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை உங்கள் எடைக்கேற்பக் குறைத்தாலும் சற்றுத் தாழும். பின் சஸ்பென்ஷன் லிங்க் மாற்றிப் பின்பக்கத்தை மட்டும் இறக்குவது கடைசி வழி. முன் ஃபோர்க்கையும் அதற்கேற்ப இறக்காவிட்டால் வளைவில் வண்டி மந்தமாகத் திரும்பும். சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்தே நிற்கும். லேசாகக் காற்றடித்தாலே மறுபக்கம் விழும். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் அடிப்பாகமும் இடிக்கும்.

டெஸ்ட் ரைடை ஷோரூம் வாசலோடு முடிக்க விடாதீர்கள். டேங்க் நிரப்பிய வண்டியைக் கேளுங்கள். 15 லிட்டர் பெட்ரோல் என்றால் 11 கிலோ, அதுவும் மேலே. ஒரு சரிவில் நிறுத்திக் கிளப்புங்கள். இறங்கி நின்று தள்ளுங்கள், யு-டர்ன் போடுங்கள். பின்னால் ஆள் உட்கார்த்தி ஓட்டுகிறவர் என்றால் வீட்டு ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் ஏறும் அந்தக் கணத்தில் உங்கள் கால் தாங்குகிறதா என்று பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.