பொருளின்மேல் விழும் அடி

“அவர் என்னைத் தொட்டதில்லை, பானை சட்டிகளைத்தான் உடைப்பார்” என்று கூறி ஆறுதல் கொள்ளும் சகோதரிகள் உண்டு. எளாவூரிலும் பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவர் குப்பங்களிலும் மட்டுமன்று, நம் இல்லங்களிலும் கேட்கக்கூடிய சொல்லே இது. சினத்தால் பொருளை அடிப்பது குடும்ப வன்முறையாகுமா என்பதே இப்பாடத்தின் வினா.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 26.10.2006 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 3ஆம் பிரிவில் ‘பொருளை உடைத்தல்’ என்று தனியே ஒரு சொல் இல்லை. ஆயினும் உடல்வழி வன்முறையினுள் தாக்க முனைதலும் மிரட்டலும் அடங்கும் என்கிறது. தாக்க முனைதலுக்கு மேனியில் கை படவேண்டும் என்னும் நியதி கிடையாது. எதிரே நிற்பவர் இப்பொழுதே அடி விழும் என அஞ்சுவார் என்று அறிந்து செய்யும் சைகையே போதும். இந்தியத் தண்டனைச் சட்டம் 351ஆம் பிரிவில் கூறிய இவ்விலக்கணம், 1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 130ஆம் பிரிவாக நிற்கிறது. மனைவியின் தலைக்கருகே சுவரில் மோதும் செம்பு இதனுள் வரத்தக்கது.

மீன் விற்கும் பெண்ணின் அன்னக்கூடையை மிதித்து நசுக்கினால் அவளது அன்றைய வருவாயும் போயிற்று. சட்டம் கூறும் பொருளியல் வன்முறையும் உடன் சேர்கிறது. சினம் கண்ணை மறைத்தது என்பர். கண் மறைந்தவன் கைக்கு அகப்பட்டதையெல்லாம் அன்றோ உடைக்க வேண்டும்? அவள் கூடை நசுங்குகிறது. அவன் வலையோ முழுதாய் இருக்கிறது. விலையைக் குறைத்த வியாபாரியின் முன் அதே கை அடங்கி நிற்கிறது. இது தேர்ந்து செய்யும் செயலேயாம்.

கதவை ஒருமுறை அறைந்து சாத்தியவரையெல்லாம் குற்றவாளி என்பது என் கருத்தன்று. சட்டமும் நிகழ்ச்சியின் முழுச் சூழலையும் நோக்கவே பணிக்கிறது. உடைந்தது யாருடைய பொருள்? எதிரே நின்றவர் யார்? உடன் என்ன சொல்லப்பட்டது? அதன்பின் அவள் எவற்றைப் பேசாது விட்டாள்? காலடியோசை கேட்டதும் குழந்தைகள் எங்கே ஒளிகிறார்கள்? இக்கடைசி வினாவுக்குரிய விடையே பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும். நம் நூல்கள் திரவிய இம்சையோடு பாவ இம்சையையும் வகுத்தமையால், சட்டிக்கு உயிரில்லை என்பது நமக்கு விடையாகாது.

அல்லலுறுவோர் மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரை நாடலாம். 181 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம். நீதித்துறை நடுவர் பாதுகாப்பு ஆணை வழங்குவார். அதனை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. எந்நாளில் எது உடைந்தது, யார் கண்டார் என்பதை ஒரு நோட்டில் எழுதி, அதனை அண்டை வீட்டிலோ தாய் வீட்டிலோ வைத்திருப்பது நலம்.