அறையில் தனியாக, சர்க்கரையோடு

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, வாடகை அறையில் தனி வாசம், கூடவே சர்க்கரை என்றால் பிரஷரையும் மனசையும் சேர்த்தே கவனியுங்கள்.

நைட் ஷிப்ட் முடிந்த கையோடு பிரஷர் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் வைத்துப் பாருங்கள். சர்க்கரை உள்ள பெரும்பாலோருக்கு 130/80-க்குள் இருப்பது நல்லது.

ஒருவேளைச் சாப்பாடாவது யாருடனாவது சேர்ந்து சாப்பிடுங்கள். மாத்திரை மறந்தால் கேட்க ஆள் இருக்கும். சர்க்கரை குறைந்து கை நடுங்கி வியர்த்தால், நினைவோடு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டுமென்று பக்கத்து அறை நண்பரிடம் சொல்லிவையுங்கள். இது மிக முக்கியம்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால், 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை தருகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் ஓசூர் இருக்கும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது.

மனசு பாரமாக இருந்தால் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள். கட்டணமில்லை, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.