வீட்டுப் பட்டறைக்கு முதல் கடைசல் இயந்திரம்

குயவரின் சக்கரத்தில் களிமண் சுழல்கிறது. கைகள் அதற்கு உருவம் தருகின்றன. கடைசல் இயந்திரத்தில் உலோகம் சுழல்கிறது. கூரிய வெட்டுளி அதைச் சிறிது சிறிதாகச் சீவி உருவம் தருகிறது. ஏறத்தாழ 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி மாட்ஸ்லே, திருகுமரையைத் துல்லியமாக வெட்டும் கடைசல் இயந்திரத்தை உருவாக்கினார். 'லேத்' என்று பலரும் அழைக்கும் இவ்வியந்திரம் இன்று வீட்டுப் பட்டறைகளிலும் இடம்பெறுகிறது.

முதன்முதலாக இதை வாங்குபவர் விலையை மட்டும் பார்த்தால் ஏமாற நேரிடும். 'எதைச் செய்யப் போகிறேன்?' என்ற வினாவிலிருந்தே தேர்வு தொடங்க வேண்டும். சிறிய மாதிரி நீராவி இயந்திரம் செய்பவருக்கும் மோட்டார் சைக்கிளின் உதிரிப்பாகங்களைச் செய்பவருக்கும் ஒரே அளவுள்ள இயந்திரம் பொருந்தாது.

அளவைக் குறிக்கும் எண்களையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். '7 x 14' என்பது, 7 அங்குல விட்டமும் 14 அங்குல நீளமும் கொண்ட பொருள் வரை பொருத்தலாம் என்பதைக் குறிக்கும். எனினும், வெட்டுளியைத் தாங்கும் பகுதிக்கு மேலே கிடைக்கும் இடம் இதைவிடக் குறைவு. பொருளைக் கவ்விப் பிடிக்கும் 'சக்' என்னும் பகுதியும் நீளத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பிரித்தானிய வழக்கில் விட்டத்திற்குப் பதிலாக ஆரத்தைக் கூறுவர். ஆகவே, அங்கு '3½ அங்குலம்' எனப்படுவதும் 7 அங்குல இயந்திரமே.

எடையும் கவனத்திற்குரியது. கனமான வார்ப்பிரும்பு அதிர்வைக் குறைக்கும். இயந்திரம் அதிர்ந்தால் கடைந்த பரப்பில் அலை அலையாகத் தழும்புகள் விழும். ஆனால், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள தொழிற்சாலை இயந்திரத்தை அடுக்குமாடி வீட்டிற்குள் கொண்டு செல்வது எளிதன்று. மேலும், பெரிய இயந்திரங்கள் பலவற்றிற்கு மும்முனை மின்சாரம் தேவை. பெரும்பாலான வீடுகளில் ஒருமுனை மின்சாரமே உள்ளது.

பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கலாம். ஆயினும், அதன் நீண்ட அடித்தளம், பெரும்பாலான வேலை நடைபெறும் சக்கின் அருகில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். வெட்டுளியைத் தாங்கும் பகுதியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பார்த்தால் இது புலப்படும். சக்கின் அருகே தளர்வாகவும் மறுமுனையில் இறுக்கமாகவும் நகர்ந்தால், தேய்மானம் மிகுந்துள்ளது என்பது பொருள். புதிய வண்ணப்பூச்சு இக்குறையை மறைக்காது.

கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்திற்கே செலவிடுதல் கூடாது. வெட்டுளிகள், அளவுக் கருவிகள், பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றுக்கும் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பாதுகாப்பே முதன்மையானது. தளர்வான உடையோ கையுறையோ சுழலும் பகுதியில் சிக்கினால் கையையே இழக்க நேரிடலாம். சக்கை இறுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தை முடுக்கினால், அது வேகமாகத் தெறித்து விழும். எனவே, அவசரகால நிறுத்துவிசை எளிதில் எட்டும் இடத்தில் உள்ள இயந்திரத்தையே வாங்க வேண்டும்.

தேவையை அறிந்து, அளந்து, சோதித்து வாங்குபவரே சிறந்த கைவினைஞராகும் பாதையில் முதல் அடியை எடுத்து வைக்கிறார்.