பூட்டிய அலமாரியும் சிறுவர் நூலும்

பறவைகளைப் பற்றிய சிறுவர் நூல் குளக்கரைக்குச் சென்றால்தான் பயன் தரும். அங்கே அது நனையும், கிழியும், சில வேளை திரும்பாது. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு நூல்களும் வழங்கியது. 2018-இல் வந்த சமக்ர சிக்ஷா ஆண்டு நூலக மானியத்தை ரூ. 5,000 முதல் ரூ. 20,000 வரை வகுத்தது. எனினும், ஆய்வுக்குச் சென்ற பள்ளிகள் பலவற்றில் நான் கண்டது பூட்டிய அலமாரியே. இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தாலும் ஊதியத்தில் பிடிப்பார்களோ என்று பொறுப்பாசிரியர் அஞ்சுகிறார், அவரைக் குறைகூறுவதற்கில்லை.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215-ஆம் விதி, எடுத்துப் படிக்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை, நேர்மையின்மையோ அசட்டையோ காரணமன்று எனில், இயல்பான இழப்பாகவே கொள்கிறது. மாநிலங்கள் தம் பள்ளி நூலகங்களுக்கு இதனினும் தாராளமான அளவை எழுத்தில் தருதல் வேண்டும். கிழிந்தவற்றைக் கழிக்கும் அதிகாரம் தலைமையாசிரியரிடமே இருத்தல் நலம்.