முதல் மலையேற்றம் எங்கே?

கேள்வி: ஓசூரில் ஷிப்டு வேலை. மலை ஏறிப் பழக்கமில்லை. முதலில் எங்கே போகலாம்?
– வாசகர், வேப்பனப்பள்ளி

பதில்: ராயக்கோட்டை மலைக்கோட்டையில் தொடங்குங்கள். 1791-இல் திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டை அது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இரவு ஷிப்டு முடித்த கையோடு போக வேண்டாம். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், விடிந்ததும் ஏறி, வெயில் சுடுமுன் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள ஷூ அவசியம். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான். அதற்குத் தெம்பை மிச்சம் வையுங்கள்.

அடுத்து, தமிழக அரசு 2024-இல் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் எளிதான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதனால், வனத்துறை அனுமதியின்றிக் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள்.